தனியாக இருப்பதற்குச் சாட்சி

கண்ணாடிக்காரரின் வாய்க்கு யாராவது ஒரு பூட்டு மாட்டியிருந்தால் பூண்டக்காவின் உதவித்தொகை நின்றிருக்காது. இதைத் தெரு சொல்லவில்லை. தெரு சொல்வதற்குள் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். பிறர் திட்டுவதற்கு முன்னால் தன்னைத் தானே திட்டிக்கொண்டால் சேதாரம் குறைவு என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம்.

முந்தின நாள் அடித்த காற்றில் பூண்டக்காவின் சமையலறை ஜன்னல் கதவு சுவரில் மோதி, ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கண்ணாடிக்காரர் அந்த வீட்டு மாடி அறையில் ஏழு வருஷமாகக் குடியிருப்பவர். ஊர் ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போடுகிற ஆள், தான் சோறு தின்கிற வீட்டு ஜன்னலை விட்டுவைத்தால் நன்றாகவா இருக்கும்? பழைய பட்டிப் பசையைச் சுரண்டி எடுத்தார். புதுக் கண்ணாடியை அறுத்துச் சட்டத்தில் உட்கார வைத்தார். சுற்றிலும் சின்ன ஆணி அடித்து முடிக்கும்வரை ஒரு கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்க முடியாது. அந்த நிலையில்தான் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். தோளில் பை, கழுத்தில் அட்டை, கையில் பேனா.

போன வாரம் இதே மாதிரி பையும் அட்டையுமாகச் சில பெண்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்து, வீட்டில் எத்தனை பேர், யார் துணி துவைப்பது என்றெல்லாம் கேட்டு, பதில் சொன்னவர்களுக்குச் சோப்புத்தூள் பாக்கெட் கொடுத்துப் போயிருந்தார்கள். இந்தத் தெருவுக்கு எப்போது வருவார்கள் என்று ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் ஜன்னலுக்குள்ளிருந்தே முகத்தை மலர்த்தினார்.

"வீட்டுல யாருங்க இருக்கீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நான் இருக்கேன். முதலாளி தெருமுனை ஓட்டலுக்குப் பூண்டு குடுக்கப் போயிருக்காங்க."

"முதலாளின்னா?"

"இந்த வீட்டுக்கு அவங்கதாங்க முதலாளி. நான் சம்பளம் இல்லாத வேலைக்காரன்."

அந்த அம்மா சிரித்தார். ஒருவர் சிரித்துவிட்டால் கண்ணாடிக்காரருக்குப் பிரேக் பிடிக்காது.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ஏழு வருஷம். நன்னடத்தைய பாத்து விடுதலை பண்ணுவாங்கன்னு நானும் எதிர்பாக்கறேன். மனசு வரமாட்டேங்குது அவங்களுக்கு."

"சாப்பாடெல்லாம்?"

"இங்கேயேதான். வேற எங்க போறது, இந்த மூஞ்சிக்கு யார் இலை போடுவா?"

"துணி துவைக்கிறது?"

ஆகா, வந்துவிட்டாள் விஷயத்துக்கு என்று கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். சின்னக் குடும்பத்துக்குச் சின்னப் பாக்கெட், பெரிய குடும்பத்துக்குப் பெரிய பாக்கெட் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"ரெண்டு பேர் துணியும் ஒரே வாளிலதாங்க. பெரிய வாளி. ரெண்டு கை அள்ளிப் போட்டாதான் நுரையே வரும். ஆளுதான் ரெண்டு, அழுக்கு எட்டுப் பேருக்கு. பெரிய குடும்பம்னே எழுதிக்குங்க."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியவரைப் பார்த்து, "எப்பங்க வரும்?" என்று கத்தினார் கண்ணாடிக்காரர்.

"தபால்ல வரும்ங்க."

பூண்டக்கா திரும்பி வந்ததும் வெற்றிச் செய்தியைச் சொன்னார். அவள் காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டே, "சோப்புத்தூளைத் தபால்ல அனுப்புவாங்களா?" என்று கேட்டாள்.

அது அவளுடைய வழக்கம். எதைச் சொன்னாலும் திருப்பி ஒரு கேள்விதான் வரும். டீ இருக்கா என்றால், இல்லாமல் போகுமா என்பாள். மழை வருமா என்றால், வானம் என் வீட்டுப் பரணா என்பாள். ஏழு வருஷத்தில் அந்த வாயிலிருந்து ஒரு நேரான பதிலைக் கண்ணாடிக்காரர் கேட்டதில்லை. வைரமுனை வைத்த கட்டரால் எந்தக் கண்ணாடியிலும் நேர்கோடு இழுக்கிற மனிதருக்கு, அந்த ஒரு இடத்தில் மட்டும் கோடு வளைந்து வளைந்து போனது.

தபால் வந்தது. பூண்டக்காவின் கை பூண்டுத் தண்ணீரில் இருந்ததால் அவரே பிரித்துப் படித்தார். தனித்து வாழும் ஆதரவற்ற பெண் என்ற தகுதியில் அவள் பெற்றுவந்த உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. நேரில் விசாரித்ததில் அவள் ஓர் ஆணுடன் ஒரே குடும்பமாக வாழ்வது தெரியவந்துள்ளது. மறுப்பு இருந்தால் சாட்சியுடன் விசாரணைக்கு வரலாம். அதோடு நின்றிருந்தாலும் தேவலை. அந்த ஆண் தெரிவித்தவை என்று கீழே ஒரு பத்தி இருந்தது.

"'தாம் இவ்வீட்டில் ஊதியமின்றிப் பணிபுரிவதாகவும், ஏழாண்டுகளாக விடுதலை கோரியும் கிடைக்கவில்லை என்றும்...'" கண்ணாடிக்காரரின் குரல் பாதியில் உள்ளே போய்விட்டது. தன் நகைச்சுவையை அரசாங்கத் தமிழில் கேட்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

பூண்டக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அடுத்த பூண்டை எடுத்து, அடிக்காம்பைக் கத்தியால் கிள்ளி, பல் பல்லாகப் பிரித்தாள். ஒரு பல் கைதவறித் தரையில் உருண்டது. அவள் கைதவறி அவர் பார்த்ததில்லை.

"இப்ப என்ன செய்யறது?" என்றார் அவர்.

"யாரைக் கேக்கறீங்க?" என்றாள் அவள்.

பூண்டு உரிப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிற தொழில். மண்டியிலிருந்து வேனில் மூட்டை வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்து, கொஞ்சம் எண்ணெய் தடவிக் காயவைத்து, கையால் கசக்கினால் தோல் கழன்றுவரும். சொல்வதற்குச் சுலபம். விரல் நுனிகள் எரியும், நகக்கண் புண்ணாகும், கண் கரிக்கும். உரித்ததை மறுநாள் ஓட்டல்களுக்குப் போகிற வேனில் ஏற்றிவிடவேண்டும். அந்த வருமானத்தில் வீடு ஓடியது. மாடி வாடகை கூரை ஓடு மாற்றுவதற்கும் வீட்டு வரிக்கும் சரியாகிவிடும். உதவித்தொகை மட்டும் வேறு.

அது வந்த நாளில் அவள் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்குப் போவாள். திரும்பும்போது காரணமே இல்லாத ஒரு பொருள் கையில் இருக்கும். ஒரு தடவை நீல நிறக் கூஜா. ஒரு தடவை யாரோ வரைந்த மலைப் படம். ஒரு தடவை தலைக்கு ஒரு கிளிப், தங்கநிறத்தில், வண்டு மாதிரி. பூண்டு உரிக்கிறவள் வண்டைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே போவாள்? வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். லாரி ஓட்டிய புருஷன் உயிரோடு இருந்தவரை தீப்பெட்டி வாங்கினாலும் மீதிச் சில்லறையோடு கணக்குச் சொல்லவேண்டும் என்று எதிர்வீட்டு நர்ஸம்மா சொல்லித்தான் கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அவள் பேரில், அவள் கைக்கு, யாரும் ஏன் என்று கேட்காமல் வந்த முதல் பணம் இதுதான். அதைத்தான் அவர் ஒரு பாக்கெட் சோப்புத்தூளுக்கு ஆசைப்பட்டுக் காவு கொடுத்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் நர்ஸம்மா செருப்புக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் வார்டு ஓய்வு பெறவில்லை. தெரு முழுக்க அவர் வார்டுதான்.

"ஏம்ப்பா, உன் வாயில தெர்மாமீட்டரை வெச்சே விட்டிருக்கணும் நான். அடி பூண்டு, அழுதியா?"

"அழுதா பணம் வருமா?" என்றாள் பூண்டக்கா.

"வராது. சாட்சி சொன்னா வரும். நான் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்த வீடு ரெண்டு வீடா ஆகணும். மறுபடி திடீர்னு வந்து பாப்பாங்க. இன்னையிலேருந்து ஒரே கயித்துல துணி காயக்கூடாது. ஒரே அடுப்புல உலை கொதிக்கக்கூடாது. நீ அவளைப் பாத்துச் சிரிக்கக்கூடாது."

"சிரிக்கிறதுமா தகுதியில வருது?"

"உன் சிரிப்பு வரும்ப்பா. அதுல ஏழு வருஷம் இங்க தின்ன சோறு தெரியுது."

கண்ணாடிக்காரர் அன்றைக்கே மாடிக்கு ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினார். வெளிப்பக்கப் படிக்கட்டு ஒன்று இருந்தது. வீட்டுக்குள்ளே வராமல் அதிலேயே ஏறி இறங்கினார். மாடியில் தனிக் கயிறு கட்டித் தன் பனியன்களைத் தொங்கவிட்டார். அவை தனியாகத் தொங்குவதைப் பார்க்க, யாரோ கைவிட்டுப் போன குடும்பம் மாதிரி இருந்தது.

சமையல்தான் அவரை வென்றது. முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. அடுத்த நாள் அடிப்பிடிக்கக்கூடாது என்று தண்ணீரைக் கூட்டினார். அது சுவரொட்டி ஒட்டுவதற்கு உதவும் பதத்தில் வந்தது. உருளைக்கிழங்கு வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருந்தது. நாலாம் நாள் முட்டைக்கும் ரொட்டிக்கும் இறங்கிவந்தார். முட்டையை அவிக்கும்போது பெருமிதமாக இருந்தது, ஏனென்றால் அதற்குள் அவரால் கை வைக்க முடியாது.

மழை வலுத்தது. மழை என்றால் காற்று, காற்று என்றால் ஜன்னல் கதவுகள் மோதும், கண்ணாடி உடையும். அவருக்குத் தொழில் கொழித்தது. பகலெல்லாம் யார் யார் வீட்டு ஜன்னல்களிலோ நின்றார். அந்த வீடுகளில் ஒருவர் தட்டு கழுவ ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கத்த ஒருவர் காதில் வாங்காமல் இருந்தார்கள். ஒரே குடும்பம் என்றால் என்ன என்று அரசாங்கம் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று அவருக்கு யோசனை ஓடியது. ஒரு வீட்டில் யோசனையில் கண்ணாடியைக் குட்டையாக அறுத்துவிட்டார். அந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. கைக்காசு போட்டு வேறு கண்ணாடி வைத்தார்.

கடைத்தெருவில், கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருந்தது. போய்ப் பார்த்தார். நல்ல அறை. ஜன்னல் பழுதில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

மழை பூண்டக்காவுக்குத் தொழிலைக் கெடுத்தது. ஈரத்தில் பூண்டு காயாது; காயாத பூண்டு தோலை விடாது. முன்பெல்லாம் விளக்கு வைத்ததும் இவரும் ஒரு முறத்தை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். ரேடியோ ஒரு பக்கம் பேசும், இவர் ஒரு பக்கம் பேசுவார், அவள் கேள்வி கேட்பாள், மூட்டை கரைந்துவிடும். இப்போது அவள் தனி ஆள். மாடியில் படுத்திருந்தவருக்குக் கீழே முறம் புடைக்கிற சத்தம் கேட்டது. பழகின காதுக்கு அந்தச் சத்தத்தில் களைப்பு தெரியும். வேன்காரர் வாசலில் நின்று சத்தம் போடுவதும் கேட்டது.

"என்னக்கா, நேத்து சரக்கும் பாதி, இன்னிக்கும் பாதி. ஓட்டல்காரன் என்னை உரிக்கிறான்."

"அப்ப அவனையே பூண்டை உரிக்கச் சொல்லுங்களேன்?"

மறுநாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது வெளிப்படிக்கட்டின் மூன்றாவது படியில் ஒரு பேசின் இருந்தது. ஊறிய பூண்டு நிறைய. மேலே ஒரு தட்டு போட்டு மூடியிருந்தது. தட்டுக்கு மேல் ஒரு கிண்ணத்தில் பருப்புச் சோறு, சூடாக. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, திருட்டுப்பொருளை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு மேலே போனார். விடிந்ததும் உரித்த பூண்டு வெள்ளை வெளேரென்று அதே படியில் இருந்தது. பேசினும் கிண்ணமும் கழுவித் துடைத்திருந்தன. அதற்குப் பிறகு விசாரணை நாள் வரை அந்தப் பேசின் தானாகவே ஏறி, தானாகவே இறங்கியது. நர்ஸம்மாவுக்கு ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. தெரிந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைத் தெரு அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தது.

விசாரணை அலுவலகம் நீளமான ஓர் அறை. சுவரோரம் பெஞ்சு, இரும்பு அலமாரிகள், மேலே மெதுவாகச் சுற்றுகிற ஒரு விசிறி. மழைக்காக ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்தார்கள். அதில் ஒன்றில் கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் கண்ணாலேயே அளவெடுத்துவிட்டார். மேசைக்குப் பின்னால் தலை நரைத்த அதிகாரி. பக்கத்தில் அந்தப் பைக்கார அம்மா.

"நீங்க சோப்புக் கம்பெனியாக்கும்னு நெனச்சுட்டேங்க," என்றார் கண்ணாடிக்காரர் பரிதாபமாக.

"கழுத்துல அட்டை போட்டிருந்தேனே?"

"அவங்களும் போட்டிருந்தாங்களே."

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி செருமினார்.

"சரி, இப்ப ஒழுங்கா சொல்லுங்க. நீங்க அந்த வீட்டுல என்ன?"

"குடித்தனக்காரன். மாடி. வாடகை குடுக்கறேன்."

"சமையல்?"

"தனித்தனிங்க. அவங்க அடுப்பு கீழ, என் அடுப்பு மேல."

"அவங்க சமைச்சு நீங்க சாப்பிட்டதே கிடையாது?"

இங்கேதான் கண்ணாடிக்காரருக்கு மறுபடி பிரேக் பிடிக்கவில்லை. செய்த பிழையை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்கிற வேகம். "அதை யாருங்க சாப்பிடுவா? வாசனைய வெச்சே சொல்றேன், உப்புன்னு ஒண்ணு உலகத்துல இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. குணமும் அப்படித்தான். கல்லு. வாடகை ஒரு நாள் தள்ளினா படியில நின்னு சத்தம் போடுவாங்க. எனக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அந்தப் பூண்டுப் பக்கமே நான் போறதில்லீங்க, நாத்தம் தாங்காது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூண்டக்காவின் தலை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மோப்பம் பிடித்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். "கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

கண்ணாடிக்காரர் நீட்டினார். அதிகாரி குனிந்து முகர்ந்துவிட்டு, பூண்டக்கா பக்கம் போனார். "உங்க கையும்மா." அதையும் முகர்ந்தார். பிறகு நர்ஸம்மாவிடம் வந்தார்.

"நான் வெறும் சாட்சிங்க," என்று நர்ஸம்மா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க மூணு பேரும் உள்ள வந்ததுலேருந்து ரூம் பூரா பூண்டு மணக்குது," என்றார் அதிகாரி. "அந்தம்மா கையில அடிக்கிறது சரி, அவங்க தொழில். பூண்டுப் பக்கமே போகாத கையில எப்படி அதைவிடத் தூக்கலா அடிக்குது?"

கண்ணாடிக்காரர் தன் விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு ஒன்றும் அடிக்கவில்லை. ஏழு வருஷமாக அந்த வாசனைக்குள்ளேயே இருந்து, அது வாசனை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஸ்டவ்வைத் தனியாக்கினார், கயிற்றைத் தனியாக்கினார், படிக்கட்டைத் தனியாக்கினார். கையைத் தனியாக்க அவருக்கும் தோன்றவில்லை, வார்டு நடத்திய நர்ஸம்மாவுக்கும் தோன்றவில்லை.

"போதும்," என்று பூண்டக்கா எழுந்தாள். "ஐயா, இவர் சொன்னது முழுக்கப் பொய். என் சமையல்ல உப்பு சரியா இருக்கும். இந்த மனுஷன் மூணாவது தடவை வாங்கித் தின்னதை நான் என் கண்ணால பாத்திருக்கேன்."

"அடியே," என்று முனகினார் நர்ஸம்மா.

"இருங்கக்கா. எனக்குப் பொய் சொல்லி வாங்கித் தின்னு பழக்கமில்ல. ஐயா, நாங்க ஒண்ணாதான் சாப்பிடறோம். ஒண்ணாதான் உக்காந்து உரிக்கிறோம். போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இவர்தான் கஞ்சி வெச்சுக் குடுத்தார், கருக விட்டுத்தான் குடுத்தார், இருந்தாலும் குடுத்தார். ராத்திரி இவர் மாடிக்குப் போயிடுவார், நான் என் கதவைச் சாத்திக்குவேன். வாடகை தர்றார், சாப்பாட்டுக்குத் தர்றார். அதுக்கு மேல கை நீட்டி ஒரு காசு வாங்கினதில்ல. இவர் என்ன சம்பாதிக்கிறார்னு எனக்குத் தெரியாது. நான் என்ன சம்பாதிக்கிறேன்னு இவர் கேட்டதில்ல. இதுல எந்த எடத்துல நான் ஆதரவு உள்ளவளா ஆயிட்டேன்னு சொல்லுங்க, அந்த எடத்தை நானும் பாத்துக்கறேன்."

அதிகாரி தன் நாற்காலிக்குத் திரும்பினார். பழைய மனுவைப் புரட்டிப் பார்த்தார். "மாடி வாடகை வருதுன்னு முதல்லயே சொல்லியிருக்கீங்க," என்றார், பாதி தனக்குத்தானே. நர்ஸம்மாவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? இவங்க புருஷன் பொண்டாட்டி மாதிரியா?"

நர்ஸம்மா யோசித்தார். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஒருத்தர் பேசறதை ஒருத்தர் காது குடுத்துக் கேக்கறாங்க."

பைக்கார அம்மா இந்தத் தடவை சிரித்தேவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை எடுத்தபோது குரல் இளகியிருந்தது. "அம்மா, ஒரே ஒரு கேள்வி. இதுக்கு மட்டும் யோசிச்சுப் பதில் சொல்லுங்க. நாளைக்கு இவர் இந்த வீட்டை விட்டுப் போயிட்டா, உங்க பொழப்பு நடக்குமா? இவர் இல்லாம இருந்துடுவீங்களா?"

"இருந்துடுவேன்," என்றாள் பூண்டக்கா.

கேள்வியே இல்லை. ஒற்றைச் சொல். கட்டர் இழுத்த மாதிரி நேர்கோடு.

அதிகாரி எழுதினார். ஒருவர் சம்பாத்தியத்தில் ஒருவர் வாழ்ந்தால்தான் விதி தடுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றால் தடுக்காது, தொகை தொடரும் என்றார். அடுத்த முறை உள்ளதை உள்ளபடி சொன்னால் தன் மூக்குக்கு இவ்வளவு வேலை இருக்காது என்றார். கடைசியில், எழுதுவதை நிறுத்தாமலே, "பின்னால எப்பவாவது நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா மட்டும் வந்து சொல்லிடணும். அன்னையோட இது நின்னுடும்," என்றார்.

நர்ஸம்மா அலமாரியைப் பார்த்தார். பூண்டக்கா தன் செருப்பைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் ஜன்னலில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தார்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. நர்ஸம்மாவுக்குத் திடீரென்று கடைத்தெருவில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. "நீங்க போங்க. என்னால உங்க ரெண்டு பேர் நடைக்கு ஈடு குடுக்க முடியாது," என்றார், அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள் என்பதைக் கவனிக்காமல்.

வழக்கு ஜெயித்துவிட்டது. தான் செய்த வினையும் ஒருவழியாகத் தீர்ந்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய கண்ணாடிக்காரர், கனமான கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி அடி பார்த்து நடந்தார். அந்த ஒரு சொல்தான் அவளைக் காப்பாற்றியது என்று அவருக்குத் தெரியும். அது காப்பாற்றிய விதம்தான் நெஞ்சில் எங்கேயோ குத்திக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் பழக்கதோஷத்தில் வெளிப்படியில் கால் வைத்தார்.

"அங்க என்ன வேலை? உள்ள வந்து உக்காருங்க," என்றாள் பூண்டக்கா. "சாயங்காலம் வேன் வந்துடும்ல?"

உட்கார்ந்தார். முறத்தை இழுத்துப்போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக மழைக்குப் பிந்தின வெயில் வந்து பூண்டுத் தோல்மேல் விழுந்தது. அவள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சாப்பாடும் வந்தது. உப்பு ஒரு கை தூக்கலாகவே இருந்தது. அது தற்செயல் இல்லை என்று தெரிந்ததால் அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, கொஞ்சம் உரித்துவிட்டு, முறத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"இருந்துடுவேன்னு சொன்னீங்களே. நெசமாவா?"

"பின்ன, அங்க போய்ப் பொய் சொல்லணுமா?"

"பாத்தீங்களா. அதிகாரி கேட்டா பதில். நான் கேட்டா கேள்வி. நானும் ஒரு மனு எழுதி, சாட்சியோட வந்து நிக்கணுமா, முதலாளி?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கத்தியை முறத்தின் ஓரத்தில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, கேளுங்க. நேராவே சொல்றேன்."

கண்ணாடிக்காரர் இதற்குத் தயாராக வரவில்லை. இத்தனை வருஷமும் அவள் வளைத்து வளைத்துப் பேசியது தனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. டீயைக் குடித்தார். டீ தீர்ந்துபோயிருந்தது; வெறும் டம்ளரைக் குடித்தார்.

"அந்த அதிகாரி கடைசியா ஒண்ணு சொன்னார்ல. அதை நான் கேட்டா?"

"மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். பூண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். "தொகை நின்னுடும்னா?"

"தொகை நின்னே போயிருந்தாலும் மாட்டேன். ஒரு தடவை கட்டிப் பாத்தாச்சு. நல்லது கெட்டது எல்லாம் பாத்தாச்சு. இனிமே என் கதவை நானேதான் சாத்தணும், நானேதான் தொறக்கணும். நீங்க நல்லவர்தான். அதுக்காக மாத்திக்க முடியாது."

ஆச்சரியமாக, கண்ணாடிக்காரருக்கு வலிக்கவில்லை. பழுதான கண்ணாடி எது, தாங்குகிற கண்ணாடி எது என்று தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இது தாங்குகிற சத்தம். இருந்தாலும் மனிதப் பிறவி, இன்னும் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"கடைத்தெருவுல ஒரு ரூம் பாத்து வெச்சிருந்தேன். அதுக்குப் போகவா, இல்ல..."

"போகணும்னா போங்க. இருந்துடுவேன்னு சொன்னது சத்தியம். சோறு எறங்கும். தூக்கம் வரும். பூண்டும் உரிச்சுடுவேன், மெதுவா." அவள் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். ஒரு பூண்டின் காம்பைக் கிள்ளினாள். தலையை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆனா நீங்க போயிட்டா, அந்த மாடிய நான் வேற யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன்."